சிரமதானமும் ஒரு கோப்பைத் தேநீரும்

சென்ற தவணைப் பரீட்சையில் ஒன்பதாந் தரத்து மாணவர்க்குச் 'சிரமதானம்' என்னுந் தலைப்பிலே கட்டுரை எழுதுமாறு கேட்டிருந்தோம். ஒரு மாணவன் தன் கட்டுரையை இவ்வாறு தொடங்கியிருந்தான்: "சிரமதானம் என்பது எமது சிரமத்தைப் பிறருக்குத் தானமாகக் கொடுப்பதாகும்." விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த நாம் வாய்விட்டுச் சிரித்துவிட்டோம். ஆயினும், அவ்வாக்கியத்தின் கீழே கோடிடச் சென்ற சிவப்புப் பேனா சற்றே தயங்கி நின்றது. சென்ற ஆண்டு நாமும் நமது மாணவரும் ஒரு குடியிருப்பிலே செய்த சிரமதானம் நினைவுக்கு வந்தது. அதை நினைத்தபோது, சிறுவன் எழுதியது முற்றும் பிழையென்று சொல்ல மனம் வரவில்லை. அந்தக் கதையைப் பின்னர்ச் சொல்வோம். முதலில் அச்சொல்லையும், அதனை நம் நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் கொண்டு சென்ற இயக்கத்தையும் பார்ப்போம்.

வடமொழியிலே 'சிரமம்' என்றால் உழைப்பு. உழைப்பினால் வருங் களைப்பு என்றும் பொருள்படும். தமிழுக்கு வந்தபின் அது துன்பம், தொல்லை என்னும் பொருளையே பெரிதும் ஏற்றுக்கொண்டது. உழைப்புக்குரிய சொல்லை நாம் தொல்லைக்குரிய சொல்லாக்கிக் கொண்டது எதனாலோ! சிரமதானம் என்பதன் நேர்ப்பொருள் உழைப்பைத் தானமாகக் கொடுத்தல் என்பதே. பணம் உள்ளவன் பணத்தைக் கொடுக்கலாம். நிலம் உள்ளவன் நிலத்தைக் கொடுக்கலாம். ஒன்றும் இல்லாதவனும் கொடுக்கக்கூடியது உழைப்பு. ஆகவே, தானஞ் செய்வோரின் வரிசையிலே ஏழைக்கும் இடங் கொடுத்த சொல் இது.

இதனோடு இணைந்து வழங்கும் மற்றச் சொல் 'சர்வோதயம்'. காந்தியடிகள் 1904ஆம் ஆண்டிலே தென்னாபிரிக்காவில் ஒரு புகைவண்டிப் பயணத்தின்போது ஜோன் ரஸ்கின் என்னும் ஆங்கில அறிஞரின் நூலொன்றைப் படித்தார். அது அவர் வாழ்க்கையையே மாற்றிற்று. 1908ஆம் ஆண்டிலே அந்நூலின் சாரத்தைக் குசராத்தி மொழியில் எழுதியபோது அதற்கு அவர் இட்ட பெயரே 'சர்வோதயம்'. எல்லோருடைய உயர்வும் என்பது அதன் கருத்து. அவருக்குப் பின் வினோபா பாவே அவ்வழியைத் தொடர்ந்தார். 1951ஆம் ஆண்டு ஏப்ரில் 18ஆந் திகதி, தெலுங்கானாவின் போச்சம்பள்ளிக் கிராமத்தில், நிலமற்ற மக்கள் 80 ஏக்கர் நிலம் வேண்டினர். நிலவுடைமையாளர் ஒருவர் 100 ஏக்கர் தருவதாக எழுந்து சொன்னார். பூமிதான இயக்கம் அங்கே பிறந்தது.

இந்த எண்ணங்கள் கடல் கடந்து இலங்கைக்கு வந்து ஓர் இயக்கமாக உருப்பெற்றது ஒரு வகுப்பறையிலேதான். நாம் ஆசிரியராதலின் இச்செய்தியைச் சற்று உரத்தே சொல்வதை வாசகர் பொறுத்தருள்க.

காலி மாவட்டத்து உனவட்டுனவிலே 1931ஆம் ஆண்டு பிறந்த ஏ. ரி. ஆரியரத்ன, கொழும்பு நாலந்தாக் கல்லூரியில் ஆசிரியராகப் பணியாற்றினார். நகரத்துப் பிள்ளைகள் நாட்டின் பெரும்பான்மை மக்கள் வாழுங் கிராமத்தை அறியாமலே பட்டம் பெற்றுப் பதவிக்குப் போய்விடுகிறார்கள் என்னுங் குறை அவர் நெஞ்சிலே இருந்தது. 1958ஆம் ஆண்டு டிசெம்பர் விடுமுறையில், ஏறக்குறைய 40 மாணவரையும் ஆசிரியர் சிலரையும் அழைத்துக்கொண்டு, குருநாகல் மாவட்டத்துக் கனதொலுவை என்னுங் கிராமத்துக்குப் புறப்பட்டார். அப்போது அவருக்கு வயது 27.

கனதொலுவை சாதாரண கிராமமன்று. அங்கு வாழ்ந்தோர் றொடியர் எனப்பட்ட மக்கள். கண்டி அரசர் காலந் தொட்டுச் சிங்களச் சமூகத்தின் புறத்தே தள்ளப்பட்டவர்கள். இரந்து உண்பதே அவர்க்கு விதித்த தொழில். அவர்கள் பிறர் வீட்டுப்படி மிதிக்கலாகாது, மேலாடை அணியலாகாது. அத்தகைய கிராமத்திலே கொழும்பின் பெயர்பெற்ற கல்லூரியொன்றின் பிள்ளைகள் போய்த் தங்கினர். அங்கேயே உண்டனர்; உறங்கினர்; கிராமத்தாரோடு சேர்ந்து மண் வெட்டினர்.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது எத்தனை முழம் மண் வெட்டப்பட்டது என்பதையன்று. கூலிக்கு ஆள் பிடித்திருந்தால் அவ்வேலை இன்னும் விரைவாக முடிந்திருக்கும். தலைமுறை தலைமுறையாக எவரும் கைநனையாத வீடுகளிலே அப்பிள்ளைகள் கைநனைத்தார்கள். அங்கு நடந்த பெரிய வேலை அதுவே. கிராமத்துக்கு உதவப் போனவர்கள் கிராமத்தாரின் விருந்தினராயினர். கொடுப்பவன் மேலே, பெறுபவன் கீழே என்னும் படிக்கட்டு அங்கே இடிந்தது. "வீதியை நாம் அமைக்கின்றோம், வீதி நம்மை அமைக்கின்றது" என்று இவ்வியக்கத்தார் வழக்கமாகச் சொல்லும் வாசகத்தின் பொருளும் இதுவே.

அந்த விடுமுறைச் செயல் விடுமுறையோடு முடியவில்லை. வேறு பாடசாலைகளும் சேர்ந்தன. வார இறுதிகளிலே முகாம்கள் பெருகின. சர்வோதய சிரமதான இயக்கம் என்னும் பெயர் நிலைபெற்றது. 1960களின் பிற்பகுதியில், காந்தியடிகளின் நூற்றாண்டு நினைவை ஒட்டி, நூறு கிராமங்களைத் தெரிந்தெடுத்து நிலையான பணி தொடங்கப்பட்டது. 1969ஆம் ஆண்டு ஆரியரத்னவுக்கு ரமொன் மக்சேசே விருது கிடைத்தது. 1972ஆம் ஆண்டு பாராளுமன்றச் சட்டமொன்றின் மூலம் இயக்கம் கூட்டிணைக்கப்பட்டது. அதன் தலைமையகம் மொறட்டுவையில் அமைந்தது. காலப்போக்கில் 15,000க்கும் மேற்பட்ட கிராமங்களைத் தொட்டதாக இயக்கம் கணக்குச் சொல்கின்றது.

இவ்வளவு விரிந்த பணியின் முறை மிக எளிது. ஒரு கிராமத்திலே முதலிற் செய்வது குடும்பக் கூட்டம். பெரியவர், சிறியவர், ஆண், பெண், துறவி, உத்தியோகத்தர் யாவரும் ஒன்றாக இருந்து, எது வேண்டுமென்று கிராமத்தாரே சொல்ல வேண்டும். முகாமிலே பதவிப் பெயர்களுக்கு இடமில்லை. அம்மா, அப்பா, அண்ணா, தங்கை என்றே ஒருவரையொருவர் அழைப்பர். ஈகை, இன்சொல், பிறர்க்குப் பயன்படுஞ் செயல், சமத்துவம் என்னும் பௌத்த அறநெறிகள் நான்கையும் அவர்கள் முகாமின் விதிகளாகக் கொண்டனர். சிரமதானம் முடிந்த கிராமத்திலே தாய்மார் குழு, இளைஞர் குழு, கமக்காரர் குழு, சிறுவர் குழு என்பன எழும். முன்பள்ளி ஒன்று வரும். அம்முன்பள்ளிகளின் பொது அடுப்புக்குப் பிள்ளைகள் வீட்டிலிருந்து ஒரு தீப்பெட்டி அளவு அரிசி கொண்டுவரும் வழக்கம் உண்டு. ஒரு தீப்பெட்டி அரிசியால் எவர் பசி தீரும் என்று கேட்கலாம். அந்த அரிசியைக் கொடுத்த குழந்தை, அன்று உண்ணுஞ் சோற்றை எவரோ போட்ட பிச்சையாக எண்ணாது. வழக்கத்தின் நோக்கம் அதுவே.

பௌத்த நெறியிலே வேரூன்றிய, சிங்களக் கிராமங்களிலே வளர்ந்த இயக்கமாயிற்றே, நமக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று வாசகர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். 1983ஆம் ஆண்டு யூலையில் தமிழர் மீது வன்செயல் கட்டவிழ்த்து விடப்பட்டபோது, இவ்வியக்கத்தார் அகதிகளுக்கு அடைக்கலமும் உணவும் அளிக்க முன்வந்தனர். அவ்வாண்டு டிசெம்பரில், தெற்கே கதிர்காமத்திலிருந்து வடக்கே நயினாதீவு வரை சமாதான நடைப்பயணமொன்றை ஆரியரத்ன தொடங்கினார். முருகன் தலத்திலிருந்து நாகபூசணி அம்மனும் புத்த விகாரையும் அருகருகே உள்ள தீவு வரை நடப்பது அந்தத் திட்டம். அது வெகுதூரஞ் செல்லவில்லை. நாட்டின் சனாதிபதியின் வேண்டுகோளால் தொடக்கத்திலேயே நின்றுவிட்டது. நடந்திருந்தால் என்ன விளைந்திருக்கும் என்று எவராலும் சொல்ல இயலாது. இயக்கத்தின் வரலாற்றிலே நாம் பெருமூச்சோடு படிக்கும் பக்கம் அது. ஆனாலும், போர் நடந்த ஆண்டுகளிலும் வடக்கிலும் கிழக்கிலும் அதன் நிலையங்கள் பணி செய்தன. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்தபோது, கடலுக்கு அப்பாலிருந்த அதன் கிராமங்கள் கரையோரக் கிராமங்களுக்கு உணவும் உடையும் சேர்த்தனுப்பின. அதற்கான வலை ஏறக்குறைய ஐம்பதாண்டுக் காலமாக முடையப்பட்டிருந்தது.

குறைகளையும் மறைத்தலாகாது. 1980களிலே வெளிநாட்டுப் பணம் பெருகி வந்தது. சம்பளம் பெறுவோர் தொகை உயர்ந்தது. பணங் கொடுத்தோர் கணக்குக் கேட்டனர். எத்தனை கிணறு, எத்தனை மலசலகூடம் என்று எண்ணக்கூடியவற்றையே கேட்டனர். மனமாற்றத்தை எப்படி எண்ணிக் காட்டுவது? 1990களிலே அரசின் நெருக்குதலும் இருந்தது; பின்னர் உதவிப் பணமுங் குறைந்தது; பணியாளர் பலர் விலக நேர்ந்தது. தொண்டு சம்பளத்தைச் சார்ந்துவிட்டால், சம்பளம் நின்ற நாளில் தொண்டும் தள்ளாடும் என்பதை இயக்கம் தன் உடம்பிலே கண்டது. இப்பாடம் நமக்கும் உரியது. ஆழிப்பேரலைக்குப் பின்னும் போருக்குப் பின்னும் நம் ஊர்களுக்கு எத்தனையோ நிறுவனங்கள் வந்தன. அவற்றால் விளைந்த நன்மை பெரிது. ஆயினும், கூட்டத்துக்கு வந்தாற் படி, தன் வீட்டு வாசலை வெட்டினாற் கூலி என்னும் பழக்கமும் அவற்றோடு வந்தது. ஊர்க் குளத்தைத் துப்புரவாக்க அழைத்தால், "எந்த நிறுவனம் சேர் செய்யிறது?" என்று கேட்பவரை நாம் கண்டிருக்கின்றோம்.

இனி நமது கதைக்கு வருவோம்.

சென்ற ஆண்டு நமது மாணவர் முப்பது பேரோடு ஒரு குடியிருப்பின் பொதுக் கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கச் சென்றோம். ஊர்ப் பெயர் வேண்டா. நம் சமூகம் நெடுங்காலம் தள்ளிவைத்திருந்த மக்களின் குடியிருப்பு அது என்று சொன்னாற் போதும். பதாகை கொண்டு சென்றோம். சோற்றுப் பொதிகளும் போத்தல் தண்ணீரும் கொண்டு சென்றோம். எவருக்கும் தொல்லை கொடுக்கலாகாது என்பது நமது எண்ணம். அவ்வாறே நமக்கு நாமே சொல்லிக்கொண்டோம்.

முற்பகலிலே முதிய அம்மையார் ஒருவர் பெரிய தட்டத்தில் வெறுந்தேநீரும் பனங்கட்டித் துண்டுகளுங் கொண்டுவந்தார். கோப்பைகள் எல்லாம் ஒரே வகையானவை அல்ல. பல வீடுகளில் இரவல் வாங்கிச் சேர்த்தவை என்று பார்த்தவுடனே தெரிந்தது. பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தனர். பின்பு எல்லோரும் நமது முகத்தைப் பார்த்தனர். அந்தக் கணத்திலே நாம் ஒரு கோப்பையை எடுத்திருந்தால் முப்பது பேரும் எடுத்திருப்பார்கள். நாம் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "நேரமாகிறது, முதலில் வேலையை முடிப்போம்" என்றோம்.

அம்மையார் சினக்கவில்லை. "பரவாயில்லைத் தம்பி. எங்கட தண்ணி பிள்ளையளுக்குப் பழக்கமில்லைத்தானே," என்று சொல்லித் தட்டத்தைத் திரும்ப எடுத்துச் சென்றார். அவர் சொன்ன தண்ணீர் நாம் துப்புரவாக்கிக்கொண்டிருந்த அதே கிணற்றின் தண்ணீர். வேலை முடிந்தபின் பதாகையைப் பிடித்து நிழற்படம் எடுத்துக்கொண்டு திரும்பினோம். குடியிருப்பின் இளைஞர் சிலர் வேலியோரம் நின்று பார்த்திருந்தனர். எவரும் நம்மோடு சேரவில்லை. அவர்களை எவரும் அழைக்கவுமில்லை.

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. கனதொலுவையின் கதை நாம் வகுப்பிலே பலமுறை சொல்லிய கதைதான். சொல்லிய வாய்க்கும், கடிகாரத்தைப் பார்த்த கண்ணுக்கும் இடையே இவ்வளவு தூரமா?

ஒரு வாரங் கழித்து, இரண்டு மாணவரை மட்டும் அழைத்துக்கொண்டு மீண்டும் சென்றோம். அம்மையாரின் திண்ணையில் இருந்து, "போன கிழமை வந்த எங்களுக்குத் தேத்தண்ணி தர வந்தனீங்கள், இன்றைக்குக் கேட்டுக் குடிக்க வந்திருக்கிறம், அம்மா," என்றோம். அவர் சிரித்துக்கொண்டே அடுப்பைப் பற்றவைத்தார். பேச்சினிடையே தெரிந்த செய்தி இது: கிணற்றை அவர்கள் ஆண்டுதோறும் தாமே இறைத்து வருகிறார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது வேறொன்று. மாரிகாலத்திலே முன்பள்ளிக்குப் போகும் ஒழுங்கையில் வெள்ளம் நின்று, சிறுவர் ஒரு மாதம் போக முடிவதில்லை. நாம் முதலிலேயே கேட்டிருந்தால் முதலிலேயே சொல்லியிருப்பார்கள்.

மழைக்கு முன் அவ்வொழுங்கைக்கு மண் போட்டு வாய்க்கால் வெட்டினோம். இம்முறை பதாகை இல்லை. மண்வெட்டிகளிற் பாதி அக்குடியிருப்பாரின் கைகளில் இருந்தன. வாய்க்காலை எப்பக்கஞ் சரிக்க வேண்டுமென்று நமக்குக் காட்டியவர் அங்கிருந்த இளைஞர் ஒருவரே. நண்பகலிலே இரு தரத்தார் கொண்டுவந்ததையும் ஒன்றாக வைத்து உண்டோம்.

மறுநாள் மாணவன் ஒருவனின் தந்தை நம்மைத் தேடி வந்தார். மரியாதையாகவே பேசினார். "வேலை செய்யட்டும் சேர், அது நல்லதுதான். ஆனால் அங்க ஏன் சாப்பிட வேணும்?" என்று கேட்டார்.

இக்கேள்வி புதியதன்று. 1924ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்திலே தோன்றிய மாணவர் காங்கிரஸ், பின்னர் வாலிபர் காங்கிரஸ் என வழங்கி, சாதி வேற்றுமைக்கு எதிராகக் குரல் எழுப்பிற்று. அதன் முன்னணியில் நின்ற ஹண்டி பேரின்பநாயகமும் ஓர் ஆசிரியரே. 1927ஆம் ஆண்டு காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு அழைத்தவர்களும் அவர்களே. சம ஆசனம், சம போசனம் என்று அவர்கள் கேட்ட காலத்திலே, "படிக்கட்டும், ஆனால் ஏன் பக்கத்தில் இருக்க வேண்டும்?" என்று கேட்டவர் பலர். 1930ஆம் ஆண்டளவில், பாடசாலைகளிலே சம ஆசனம் வழங்கியதைப் பொறாதவர்களால் சில பாடசாலைகள் தீக்கிரையாயின. கனதொலுவைக்கு ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்கு முன்னரே நம் மண்ணிலே இப்பாடம் தொடங்கியிருந்தது. அது இன்னும் முடியவில்லை.

அத்தந்தையாருக்கு நாம் சொன்ன விடை இதுதான்: "ஐயா, சாப்பிடாமல் வேலை செய்தால் அது கூலியில்லாக் கூலிவேலை. சாப்பிட்டபின் அது உறவு." அவர் ஒன்றும் பேசாமற் போனார். உடன்பட்டாரா என்பது தெரியாது. அவர் மகன் அடுத்த முறையும் வந்தான்.

ஆரியரத்ன 2024ஆம் ஆண்டு ஏப்ரில் 16ஆந் திகதி, 92ஆம் வயதிலே காலமானார். இன்று பாடசாலைகளிலே தொண்டுக்குச் சான்றிதழ் உண்டு. பல்கலைக்கழகத்துக்கும் வெளிநாட்டுக்கும் விண்ணப்பிக்க அது உதவுகின்றது. அதை நாம் குறை கூறவில்லை. சான்றிதழுக்காக வந்த பிள்ளையும் நல்ல மனிதனாகத் திரும்பிப் போகலாம். தொண்டு செய்யப் புறப்படும் மாணவர்க்கு நாம் சொல்ல விரும்புபவை மூன்றே. போகுமுன் கேளுங்கள்: அவர்களுக்கு வேண்டியதை அவர்களே அறிவார்கள். போனபின் சேர்ந்து செய்யுங்கள்: பார்த்து நிற்போர் ஒருவரேனும் இருந்தால், அவரை அழைக்காதது உங்கள் பிழை. தேநீர் தந்தால் குடியுங்கள்.

அம்மாணவனின் விடைத்தாளுக்கு என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். அவ்வாக்கியத்தை வெட்டவில்லை. அதன் அருகே, "சிரமம் என்றால் இங்கே உழைப்பு. ஆனாலும், உமது விளக்கம் நாம் முதல் நாள் செய்ததற்குச் சரியாகப் பொருந்தும்," என்று எழுதினோம். அவனும் அன்று கிணற்றடியில் நின்று நமது முகத்தைப் பார்த்த முப்பது பேரில் ஒருவன்.